நாலு பார் நோட்டேஷனைப் படமாக எடுக்க ஸ்கிரீன்ஷாட் போதாதா?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2025

வீட்டில் பியானோ கற்கும் பிள்ளைகளுக்குத் தியரி பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். இசை எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 3ல் கேமரா படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. வேண்டிய இடத்தைச் சுற்றிக் கட்டம் இழுத்தால் படம் கையில் வந்துவிடும். 4க்கு மாறியதும் அதைக் காணவில்லை. இப்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேர்டில் ஒட்டுகிறேன். அச்சில் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் படிக்க முடிகிறது. நண்பர் ஒருவர், இசையை நிரலாக எழுதிப் படமாக்கும் லிலிபாண்டைக் கற்றுக்கொள் என்கிறார். நாலு பாருக்காக, அதாவது செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்த நாலு சிறு பகுதிக்காக, நிரல் எழுதுவதா? திரையைப் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே போதும் என்பது என் கட்சி.

பதில், 3 மார்ச், இரவு

பெரிதாக்கி எடுத்தால் மங்கல் குறையும், அதில் சந்தேகமில்லை. மங்கலைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ஒரு வரியின் நடுவிலிருந்து கட்டம் இழுத்து எடுத்த எந்தப் படத்தையும் பாருங்கள். இடது ஓரத்தில், எந்தக் கோடு எந்த நோட்டு என்று சொல்லும் கிளெஃப் இருக்காது. எந்த நோட்டுகள் ஷார்ப், எவை ஃபிளாட் என்று சொல்லும் கீ சிக்னேச்சர் இருக்காது. ஐந்து கோடும் அதன்மேல் சில நோட்டுகளும் மட்டும்தான். முழுப் பக்கத்தையும் ஏற்கெனவே பார்த்த உங்களுக்கு அது புரியும். பயிற்சித்தாளை முதல்முறை கையில் வாங்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு, கீழிருந்து இரண்டாவது கோட்டில் இருப்பது 'ஜி'யா 'பி'யா என்று எப்படித் தெரியும்? கேமரா பொத்தான் இருந்த காலத்திலும் இந்தக் குறை அப்படியேதான் இருந்தது.

நாலு பார் வேண்டுமென்றால் நாலு பாருக்கென்று ஒரு தனி ஸ்கோர் (இசைத்தாள் கோப்பு) போடுங்கள். பெரிய ஸ்கோரிலிருந்து வெட்டாதீர்கள். இந்த இழையில் நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

மியூஸ்ஸ்கோரில் வேலை பெரிதில்லை. வேண்டிய பார்களைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் 'சேவ் செலக்‌ஷன்' கொடுத்தால் அவை மட்டும் தனிக் கோப்பாகும். அதைத் திறந்து, கிளெஃபும் கீயும் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, மேலே இருக்கும் தலைப்புச் சட்டத்தை அழித்துவிடுங்கள். பேஜ் செட்டிங்ஸில் பக்கத்தின் அகலத்தை உங்கள் தாளின் எழுத்துப் பகுதி அகலத்துக்கே வையுங்கள். உயரத்தை ஒரு வரிக்கு மட்டும் போதுமான அளவுக்குக் குறையுங்கள். ஓர இடைவெளிகளைக் கிட்டத்தட்ட பூஜ்யமாக்குங்கள். அப்புறம் எக்ஸ்போர்ட், பிஎன்ஜி படவடிவம், 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி). பக்கமே படத்தின் அளவு என்பதால் வெட்டும் வேலை மிச்சம்.

4 மார்ச், காலை

இரண்டே பார் போட்டால் அது பக்கம் முழுக்க இழுபட்டு நிற்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்டைல் பெட்டியில் பேஜ் பகுதிக்குப் போங்கள். 'லாஸ்ட் சிஸ்டம் ஃபில் த்ரெஷோல்ட்' என்று ஒன்று இருக்கும். கடைசி வரி, பக்க அகலத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதை முழு அகலத்துக்கு இழுத்துவிடு என்று அது மென்பொருளுக்குச் சொல்கிறது. வந்தபடியே விட்டால் 30 இருக்கும். 100 ஆக்கினால் நோட்டுகள் தங்கள் இயல்பான இடைவெளியில் நிற்கும்.

அங்கேயே இன்னொன்றும். வலது கோடியில் மியூஸ்ஸ்கோர் தானாகப் போடும் தடித்த முடிவுக்கோட்டைச் சாதாரணக் கோடாக மாற்றிவிடுங்கள். இசை அந்த இடத்தில் முடியவில்லை. முடிந்ததாகப் பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

4 மார்ச், மாலை

எக்ஸ்போர்ட் பெட்டியில் பின்னணியை ஒளிபுகும்படி வைக்கும் தெரிவு இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் படத்தை நேரடியாகப் போனுக்கு அனுப்பினால், இருட்டுத் தீம் வைத்திருப்பவர்களுக்குக் கறுப்புப் பின்னணியில் கறுப்பு நோட்டுகள். 'மிஸ், படமே வரலையே' என்று என் மாணவி கேட்டாள். படம் போயிருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வெள்ளைப் பின்னணியோடுதான் எதையும் அனுப்புகிறேன்.

வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது ஜேபெக்காக நசுக்கப்படும். முகங்களுக்கும் வானத்துக்கும் ஜேபெக் நன்றாக வரும். மெல்லிய கறுப்புக் கோடுகளைச் சுற்றி அது அழுக்குப் படர்ந்த மாதிரி சாம்பல் புள்ளிகளை விட்டுவைக்கும். நோட்டேஷனை ஜேபெக்கில் சேமிக்கவே கூடாது.

7 மார்ச்

வேர்டில் ஒட்டும்போது நடக்கும் ஒரு விபரீதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒட்டிய படத்தின் மூலையைப் பிடித்து, எழுத்துப் பகுதியின் அகலத்துக்கு இழுத்துவிடுகிறோம். பார்க்க ஒழுங்காகத் தெரிகிறது. அதனால் இரண்டு பார் உள்ள படத்தில் நோட்டுகள் புளியங்கொட்டை அளவும், எட்டு பார் உள்ள படத்தில் கடுகளவும் ஆகிவிடுகின்றன. ஒரே பக்கத்தில் மூன்று எடுத்துக்காட்டு, மூன்றும் மூன்று அளவு. பெரிய எழுத்தில் இருப்பது முக்கியம், சிறிய எழுத்தில் இருப்பது அடிக்குறிப்பு என்று நம் கண் பழகியிருக்கிறது. நோட்டேஷனிலும் பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள்.

நான் வைத்திருக்கும் விதி: ஸ்டாஃபின், அதாவது அந்த ஐந்து கோடுகளின், உயரம் எல்லாப் படத்திலும் ஒன்றுதான். அகலம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். இரண்டு பார் பாதிப் பக்கத்தில் முடிந்தால் மீதி வெள்ளையாகவே கிடக்கட்டும். படத்தை ஒட்டியபின் அதன் மூலையைத் தொடுவதில்லை. அளவை மாற்றவேண்டும் என்றால் மென்பொருளுக்குத் திரும்பிப் போய், அங்கே மாற்றி, மறுபடி எக்ஸ்போர்ட் செய்கிறேன்.

மியூஸ்ஸ்கோரில் இதற்கான எண் பேஜ் செட்டிங்ஸில் 'ஸ்டாஃப் ஸ்பேஸ்' என்று இருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி அது. வந்தபடி 1.75 மிமீ. ஐந்து கோட்டுக்கு நாலு இடைவெளி, ஆக ஸ்டாஃப் உயரம் 7 மிமீ. பியானோ ஸ்டாண்டில் வைத்து வாசிக்க அது நல்ல அளவு. எழுத்துக்கு நடுவில் வரும் எடுத்துக்காட்டுக்குப் பெரிது. 5 மிமீ பக்கம் போனால் 11 பாயிண்ட் தமிழ் எழுத்தோடு இணக்கமாக உட்காரும்.

8 மார்ச்

நேற்று 5 மிமீ என்று பொதுவாகச் சொன்னேன். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கணக்கோடு எழுதுகிறேன்.

5 மிமீ ஸ்டாஃப் என்றால் ஸ்டாஃப் ஸ்பேஸ் 1.25 மிமீ. இதை 96 டிபிஐயில் படமாக்கினால் ஒரு இடைவெளி 4.72 பிக்சல். ஐந்து கோடுகளும் விழவேண்டிய இடங்கள் 0, 4.72, 9.45, 14.17, 18.9. பிக்சலில் பின்னம் கிடையாது. அருகிலுள்ள முழு எண்ணுக்குத் தள்ளினால் 0, 5, 9, 14, 19. இடைவெளிகள் 5, 4, 5, 5. ஒரு இடைவெளி மட்டும் மற்றவற்றைவிடக் குறுகல். மென்பொருள் இதைச் சாம்பல் நிறத்தால் மழுப்பப் பார்க்கும். அப்போது ஒரு கோடு கறுப்பாகவும் அடுத்தது வெளிறியும் தெரியும். அந்தக் குறுகிய இடைவெளியில் ஒரு நோட்டை வையுங்கள். அது கோட்டின்மேல் இருக்கிறதா இடைவெளியில் இருக்கிறதா என்று பெரியவர்களே கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டும். நோட்டேஷனை இப்போதுதான் படிக்கத் தொடங்கும் குழந்தை அதைப் பக்கத்து நோட்டாகச் சொன்னால் நாம் தப்பு போடுகிறோம். தப்பு படத்தினுடையது.

ஸ்டாஃப் ஸ்பேஸை 1.27 மிமீ வையுங்கள். அது சரியாக ஒரு அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு. 300 டிபிஐயில் துல்லியமாக 15 பிக்சல், 600ல் 30, 1200ல் 60. திரைக்கு மட்டும் என்றால் 100 டிபிஐயில் 5, 200ல் 10. பின்னமே வராது. ஸ்டாஃப் உயரம் 5.08 மிமீ, கண்ணுக்கு 5 மாதிரியேதான். என் பயிற்சித்தாள்கள் எல்லாம் இந்த ஒரே எண்ணில்தான் ஓடுகின்றன.

லிலிபாண்டில் ஸ்டாஃப் உயரத்தைப் பாயிண்டில் கொடுக்கவேண்டும். அங்கே அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட், ஆக 14.454. வந்தபடி 20 பாயிண்ட், ஏறக்குறைய அதே 7 மிமீ.

8 மார்ச், சற்று நேரம் கழித்து

வலைப்பக்கத்துக்கு என்றால் மேலே உள்ள கணக்கு செல்லாது. போனும் உலாவியும் படத்தைத் தங்கள் இஷ்டத்துக்குச் சுருக்கி விரிக்கும். 15 பிக்சல் 11.3 ஆகிவிடும். வலைக்கு எஸ்விஜிதான், படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் வரைகோடுகளாக வைக்கும் வடிவம். எந்த அளவிலும் கோடு கோடாகவே இருக்கும். வேர்டின் புதிய பதிப்புகளும் லிப்ரெஆபிஸும் எஸ்விஜியை நேரடியாக ஏற்கின்றன.

11 மார்ச்

தனி ஸ்கோர் போடு என்றேன். அதில் என்னென்ன இருக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை வைத்துப் பார்ப்போம்: பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கம்.

முதல் பாரில் ஒரு எட்டுப்பங்கு ரெஸ்ட் (மௌனக்குறி), பிறகு மூன்று ஜி. இரண்டாவது பாரில் ஈ ஃபிளாட், தலையில் ஃபெர்மாட்டா, அதாவது நிறுத்தி நீட்டு என்ற குறி. மூன்றாவதில் மறுபடி ரெஸ்ட், மூன்று எஃப். நாலாவதில் டி, அது டையால் (ஒரே நோட்டை நீட்டும் வளைகோடு) ஐந்தாவது பாருக்கு நீள்கிறது, ஃபெர்மாட்டா அந்த ஐந்தாவது பாரில். தந்திகளும் கிளாரினெட்டும் ஒரே வரியைத்தான் வாசிக்கின்றன, ஆகவே ஒரு ஸ்டாஃப் போதும்.

'நாலு பார் மோட்டிஃப்' என்று நினைத்து நாலாவதோடு வெட்டுகிறவர்கள் உண்டு. அப்போது டையின் வால் காற்றில் தொங்கும், ஃபெர்மாட்டா காணாமல் போகும். முதல் ஃபெர்மாட்டாவுக்கு ஒரு பார், இரண்டாவதற்கு இரண்டு பார் என்று பீத்தோவன் நீட்டியிருப்பதுதான் அங்கே கவனிக்கவேண்டிய விஷயம். நாலில் வெட்டினால் அதுவே போய்விடுகிறது. எங்கே வெட்டுவது என்பதை இசையைக் கேட்டு முடிவுசெய்யவேண்டும். பார் எண்ணை வைத்து முடிவுசெய்தால் இப்படித்தான் ஆகும்.

இதில் ட்ரெபிள் கிளெஃப், மூன்று ஃபிளாட், 2/4 எல்லாம் தானாக வந்துவிடும், ஏனென்றால் இது தொடக்கம். நடுவிலிருந்து எடுக்கும்போதுதான் யோசிக்கவேண்டும். கிளெஃபும் கீயும் கட்டாயம். டைம் சிக்னேச்சரை (2/4 மாதிரியான தாளக்குறி) நான் எப்போதும் போடுகிறேன், அந்த இடத்தில் மூலத்தில் அச்சாகியிருக்காவிட்டாலும். இடது கை சற்று நேரம் ட்ரெபிள் கிளெஃபில் இருக்கிறதா என்று பாருங்கள், வரியின் தொடக்கத்தில் இருந்த பாஸ் கிளெஃபை அப்படியே போட்டுவிடக்கூடாது. பார் நடுவில் தொடங்கினால், அதே பாரில் முன்னால் வந்த ஷார்ப்போ ஃபிளாட்டோ இன்னும் செல்லுபடியாகும். வெட்டிய பகுதிக்குள் அதை மறுபடி எழுதவேண்டும். தியரிப் புத்தகங்களில் நான் அதிகம் காணும் பிழை இதுதான்.

13 மார்ச்

பாக்கின் கோரல்களில் (நாலு குரல் துதிப்பாடல்கள்) இருந்து, வரியை முடிக்கும் கேடன்ஸுக்கு எடுத்துக்காட்டு எடுக்கும்போது மேலே சொன்ன எல்லாமே ஒன்றாக வந்து நிற்கும். அவற்றில் பல, பாரின் கடைசித் துடிப்பில் ஆரம்பிக்கின்றன. வரி ஃபெர்மாட்டாவில் முடிந்ததும் அடுத்த வரி மறுபடி கடைசித் துடிப்பில் தொடங்கும். ஆக இரண்டாவது வரியை மட்டும் எடுக்க முழுப் பாராக வெட்டினால், முந்தைய வரியின் கடைசிக் கார்டும் (ஒன்றாக ஒலிக்கும் நோட்டுகள்) ஒட்டிக்கொண்டு வரும். மியூஸ்ஸ்கோரில் அந்தப் பாரின் மெஷர் ப்ராப்பர்டீஸுக்குப் போய், உண்மையான நீளத்தை 1/4 ஆக்கலாம். லிலிபாண்டில் 'பார்ஷியல்' என்று ஒரு சொல்.

பார் எண்ணையும் அங்கேயே சரிசெய்யுங்கள். ஒன்பதாவது பாரிலிருந்து எடுத்ததற்கு ஒன்று என்று எண் விழும். மெஷர் ப்ராப்பர்டீஸில் 'ஆட் டு மெஷர் நம்பர்' இருக்கிறது, 8 கொடுத்தால் 9 ஆகிவிடும். முழு ஸ்கோரை வைத்திருக்கும் மாணவர் தேடிப் போய்ப் பார்க்க அந்த ஒரு எண்தான் வழி.

16 மார்ச்

இப்போது லிலிபாண்டுக்கு வருகிறேன், முதல் கேள்வியில் நண்பர் சொன்னது. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். மியூஸ்ஸ்கோரில் முழுப் பாட்டு, லிலிபாண்டில் சிறு துண்டு.

காரணம், லிலிபாண்டில் சிறு துண்டு உண்மையிலேயே சிறியது. பீத்தோவனின் அந்த ஐந்து பாரும் ஒரே வரி எழுத்து: கீ, டைம், ரெஸ்ட், ஜி ஜி ஜி என்று வரிசையாகத் தட்டவேண்டியதுதான். ஒரே ஒரு வரி இசை என்றால் லிலிபாண்ட் அதைப் பக்க அகலத்துக்கு இழுக்காமல் இயல்பான அகலத்திலேயே விட்டுவிடும், மியூஸ்ஸ்கோர் மாதிரி த்ரெஷோல்ட் தேடவேண்டாம். முதல் வரியின் உள்தள்ளலைப் பூஜ்யமாக்கி, பக்கத்தின் அடியில் வரும் டேக்லைனை நீக்கி, ஓட்டும்போது 'கிராப்' தெரிவைக் கொடுத்தால் இசையை ஒட்டியே வெட்டிய படம் வந்துவிடும். ரெசொல்யூஷன் சொல்லாவிட்டால் 101 டிபிஐயில்தான் பிஎன்ஜி எடுக்கும், அதை 300 என்று சொல்லிவிடுங்கள். 'லிலிபாண்ட் படம் மங்கல்' என்ற புகார் பாதி இதனால்தான் வருகிறது.

முழு ஸ்கோரிலிருந்தே துண்டு எடுக்க அதில் 'கிளிப் ரீஜன்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை என்று சொன்னால் இபிஎஸ் கோப்பாக வெட்டித் தரும். ஆனால் அது கத்தரிக்கோல் வெட்டுதான். வரியின் நடுவில் வெட்டினால் கிளெஃப் வராது. 3ஆம் தேதி சொன்ன அதே பிரச்சினை, மென்பொருள் மட்டும் வேறு. 'ஸ்கிப் டைப்செட்டிங்' வழி நல்லது: முன்பகுதியை அச்சிடாமல் தாண்டிப் போய், வேண்டிய இடத்தில் அச்சிடத் தொடங்கும். அங்கே நிலவும் கிளெஃபும் கீயும் அதன் நினைவில் இருக்கும்.

கட்டளைத் திரை பிடிக்காதவர்களுக்கு ஃப்ரெஸ்கோபால்டி, லிலிபாண்டில் எழுதுவதற்கான மென்பொருள். ஒரு பக்கத்தில் எழுத்து, மறுபக்கத்தில் இசை. படத்தில் ஒரு கட்டம் இழுத்து 'காப்பி டு இமேஜ்' கொடுக்கலாம், டிபிஐயும் கேட்கும். கேமரா பொத்தானைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் நெருங்கிய உறவு.

16 மார்ச், இரவு

விக்கிப்பீடியாவில் இசைக் கட்டுரைகளில் வரும் துண்டுகள் பல லிலிபாண்டில்தான் உருவாகின்றன. கட்டுரைக்குள் எழுத்தாகவே கிடக்கும், சர்வர் படமாக்கித் தரும். பாதுகாப்புக் குறை காரணமாக 2020ல் அதை நிறுத்தி, 2021ல் மீண்டும் கொண்டுவந்தார்கள். இடையில் அந்தக் கட்டுரைகளில் இசை படமாகத் தெரியவில்லை. ஆனால் மூல எழுத்து அப்படியே பத்திரமாக இருந்ததால், திரும்பத் திறந்ததும் எல்லாம் வந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து மறுபடி வரையவேண்டியிருக்கவில்லை.

20 மார்ச்

தமிழ்ப் பாடல் வரிகளோடு படம் எடுப்பவர்களுக்கு. ஈஸ்டருக்காக எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குத் தாள் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் இது இப்போது கையில் இருக்கும் வேலை.

'அல்லேலூயா' என்பதை நோட்டுக்கு நோட்டு அல், லே, லூ, யா என்று பிரிக்கிறோம். மியூஸ்ஸ்கோரிலும் சரி லிலிபாண்டிலும் சரி, தமிழ் எழுத்து ஒழுங்காகவே உட்காருகிறது, 'லே'யின் கொம்பு இடம் மாறாது. தொல்லை எஸ்விஜியில். லிலிபாண்டின் வழக்கமான எஸ்விஜியில் நோட்டுகள் வரைகோடுகளாகப் போய்விடும், ஆனால் பாடல் வரிகள் எழுத்தாகவே, எழுத்துருவின் பெயரோடு இருக்கும். உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு இன்னொருவரிடம் இல்லையென்றால் அங்கே வேறொன்று ஏறும். தமிழ் எழுத்துருக்களின் அகலம் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறும். 'லூ' பக்கத்து 'யா'மீது ஏறிக்கொள்ளும், எது எந்த நோட்டுக்கு என்று தெரியாது. தமிழ் எழுத்துருவே இல்லாத இடத்தில் வெறும் கட்டங்கள்தான்.

இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்துவிடுங்கள். எழுத்து வரைகோடாகிவிடும், எங்கே போனாலும் மாறாது. அங்கேயே பக்கத்தைப் படத்தின் அளவுக்குச் சுருக்கும் 'ரீசைஸ் பேஜ் டு கன்டென்ட்' வசதியும் உண்டு. ஆனால் வரைகோடான எழுத்தில் பிழை திருத்த முடியாது. முதல் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, அதன் நகலை மட்டும் மாற்றுங்கள்.

24 மார்ச்

அச்சகத்துக்குப் போகும் படங்களைப் பற்றி, வருத்தத்தோடு எழுதுகிறேன். ஒரு சிறு பாட்டுப் புத்தகம் அச்சாகி வந்தபோது ஸ்டாஃப் கோடுகளின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்புமாக ஓடியது. தூரத்திலிருந்து பார்த்தால் கோடுகள் நடுங்குகிற மாதிரி இருந்தன. ஐந்து கோட்டை நம்பிப் பாடுகிறவர்களுக்கு அது பெரிய துரோகம்.

நடந்தது இதுதான். நாம் எக்ஸ்போர்ட் செய்யும் பிஎன்ஜி திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் இருக்கிறது. அச்சுக்கு மாற்றும்போது அதன் கறுப்பு, நாலு மைகளின் கலவையாகப் பிரிந்துவிட்டது. நாலு தகடுகளும் ஒரு முடி அளவு விலகினாலும், கோட்டின் ஓரத்தில் மற்ற மைகள் எட்டிப் பார்க்கும். ஒரு பெரிய கறுப்புக் கட்டத்தில் அது தெரியாது. ஸ்டாஃப் கோட்டின் தடிமன் ஸ்டாஃப் ஸ்பேஸில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 1.27 மிமீ இடைவெளியில் அது 0.14 மிமீ. அவ்வளவு மெல்லிய கோட்டில் ஒரு முடி விலகலும் பெரிய விலகல்தான்.

அதன்பிறகு நான் அச்சுக்குக் கொடுப்பதெல்லாம் ஒரு-பிட் கறுப்பு வெள்ளைப் படம், 1200 டிபிஐ. இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் ஒரு வரிக் கட்டளையால் மாற்றிவிடலாம். சாம்பலே கிடையாது, ஆகவே கறுப்பு மை ஒன்றில் மட்டும் விழும். 1200 எதற்கு என்றால், 300ல் அந்தக் கோடு ஒன்றரைப் பிக்சலுக்குச் சற்று மேல்தான் வரும், சாம்பல் இல்லாமல் அதைக் காட்ட வழியில்லை. சில கோடு ஒரு பிக்சல், சில கோடு இரண்டு ஆகிவிடும். 1200ல் ஆறரைப் பிக்சல், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கோப்பு பெரிதாகுமே என்று பயப்படவேண்டாம், ஒரு-பிட் படம் நன்றாகச் சுருங்கும்.

8ஆம் தேதி எழுதிய 300 டிபிஐ, வீட்டு லேசர் பிரிண்டருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் போதும். புத்தகத்துக்கு இந்த வழி.

29 மார்ச்

மென்பொருளை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். துண்டு இசையை எழுத்துக்கு நடுவில் வைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மோட்சார்ட் 1784 பிப்ரவரியில் தன் படைப்புகளுக்கு ஒரு பட்டியல் தொடங்கினார். கையெழுத்தில், கடைசி வரை எழுதிய நோட்டுப் புத்தகம். இடது பக்கத்தில் தேதியும் படைப்பின் பெயரும். வலது பக்கத்தில் இரண்டிரண்டு ஸ்டாஃபில் ஒவ்வொன்றின் முதல் சில பார்கள். அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதையும் இரண்டு ஸ்டாஃபுக்குள் அடக்கி, பார்த்ததும் 'ஓ, இதுவா' என்று தெரியும்படி போட்டிருக்கிறார். பெரிய ஸ்கோரிலிருந்து அவர் வெட்டவில்லை, அந்தப் பட்டியலுக்கென்றே மறுபடி எழுதினார். நான் இந்த இழை முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதை அவர் இறகுப்பேனாவில் செய்திருக்கிறார்.

1862ல் கோஹெல் என்பவர் மோட்சார்ட் படைப்புகளின் பட்டியலை அச்சிட்டபோதும் ஒவ்வொன்றுக்கும் தொடக்க இசை உண்டு. இன்று ரிஸ்ம் என்ற பன்னாட்டு இசைமூலப் பட்டியல் அதே வேலையை ஏராளமான கையெழுத்துப் படிகளுக்குச் செய்கிறது. அங்கே இசைத் தொடக்கங்கள் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. 'பிளெய்ன் அண்ட் ஈசி' என்று 1960களில் உருவான எழுத்துக் குறிமுறையில், சாதாரணத் தட்டச்சு எழுத்துகளாக இருக்கின்றன. வெரோவியோ என்ற திறமூல மென்பொருள், நாம் பக்கத்தைத் திறக்கும்போது அதை எஸ்விஜியாக வரைந்து காட்டுகிறது. எழுத்தாக இருப்பதால் தேடவும் முடிகிறது: முனகத் தெரிந்த ஒரு ராகத்தின் முதல் சில நோட்டுகளைக் கொடுத்து, எந்தக் கையெழுத்துப் படியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். படக்கோப்பில் அது நடக்காது.

1 ஏப்ரல்

மேலே எழுதியதைத் தொடர்ந்து. 2024 ஆகஸ்ட்டில் ஃபினாலேயை நிறுத்துவதாக அறிவித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டு ஓடிய மென்பொருள். அதில் தியரிப் புத்தகம் போட்டவர்கள் நிறையப் பேர், படங்களை டிஃப்பாக எடுத்து வைத்துக்கொண்டு மூலக் கோப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு. இனி அவர்களுக்கு ஒரு நோட்டை மாற்றவேண்டும் என்றால் முழுத் துண்டையும் மறுபடி தட்டவேண்டும்.

படத்தின் பக்கத்திலேயே மூலக் கோப்பை வையுங்கள், பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கூடவே ஒரு மியூசிக் எக்ஸ்எம்எல் நகல். 2004ல் முதல் பதிப்பு வந்த அந்த வடிவத்தை மியூஸ்ஸ்கோர், சிபெலியஸ், டோரிகோ எல்லாம் படிக்கும். மியூஸ்ஸ்கோர் 4ல் செய்ததை 3ல் திறக்க முடியவில்லை என்று வருந்துகிறவர்களுக்கும் அதுதான் பாலம்.

5 ஏப்ரல்

சிபெலியஸ், டோரிகோ வைத்திருப்பவர்கள் தங்களை மறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சிபெலியஸில் ஆல்ட்டோடு ஜி அழுத்திக் கட்டம் இழுத்தால் அந்தப் பகுதி நகலாகும், நேரே வேர்டில் ஒட்டலாம். வசதிதான், ஆனால் கிளெஃப் பிரச்சினை அங்கும் உண்டு. டோரிகோவில் என்கிரேவ் நிலையில் 'கிராஃபிக் ஸ்லைஸ்' இருக்கிறது. ஒரு தடவை கட்டம் போட்டால் அது கோப்போடு சேர்ந்தே இருக்கும். இசையைத் திருத்தியபின் அதே கட்டத்தை மறுபடி எக்ஸ்போர்ட் செய்யலாம். கட்டமிடும் வழிகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

அப்புறம், ஸ்கிரீன்ஷாட் கூடவே கூடாதா என்று கேட்டவருக்கு: வகுப்பு நடக்கும்போது 'இந்த இடத்தில் நாலாவது விரலா மூன்றாவதா' என்று ஒரு மாணவர் கேட்டால், நானும் ஸ்கிரீன்ஷாட்தான் எடுத்து அனுப்புகிறேன். இருவர் முன்னாலும் அதே பக்கம் திறந்திருக்கிறது, நாளைக்கு அந்தப் படம் யாருக்கும் வேண்டாம். தாளில் ஏறி இன்னொருவர் கைக்குப் போகிற படத்துக்குத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

9 ஏப்ரல்

கடைசியாக ஒரு வேலைக்குறிப்பு. படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து எக்ஸ்போர்ட் செய்யவேண்டாம். மியூஸ்ஸ்கோரைக் கட்டளைத் திரையிலிருந்து ஓட்டலாம். வெளியீட்டுக் கோப்பின் பெயர், ரெசொல்யூஷன், அப்புறம் 'ட்ரிம்' என்ற தெரிவில் ஓரத்தில் எத்தனை பிக்சல் விடவேண்டும் என்ற எண். இந்த மூன்றையும் கொடுத்தால் இசையைச் சுற்றியுள்ள வெள்ளையை அதுவே வெட்டிவிடும், பக்க உயரத்தை முன்கூட்டிக் குறைக்கவும் தேவையில்லை. நான் 12 பிக்சல் விடுகிறேன். அதற்குக் குறைந்தால், வேர்டில் மேல் வரியின் எழுத்து, நோட்டுகளுக்கு மேல் வளைந்து போகும் ஸ்லர் கோட்டை இடிக்கிறது. வெளியே வரும் கோப்புப் பெயரின் கடைசியில் பக்க எண் ஒட்டிக்கொண்டு வரும், வேர்டில் இணைப்பாக வைத்திருப்பவர்கள் அந்தப் பெயரையே கொடுக்கவேண்டும். போன வாரம் இசைக்குறி எழுத்துருவை லேலண்டிலிருந்து பிரவுராவுக்கு மாற்றினேன். எல்லாக் கோப்பையும் இப்படி மறுபடி ஓட்டிவிட்டு, வேர்டில் இணைப்புகளைப் புதுப்பித்தேன். எந்தப் படமும் இடம் நகரவில்லை.